காலம் எங்கே ஒட்டியிருக்கிறது?



கோ, வென்ட், கான். பள்ளியில் நாம் எல்லோரும் ஒப்பித்ததுதான். நடுவில் வரும் வென்ட் இறந்தகாலம். அது கோ என்ற வினைக்குப் பிறந்ததே அல்ல. வேறொரு பழைய ஆங்கில வினையின் இறந்தகாலம் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தான் சாயலே இல்லை. சரி, மூன்றாவதாக வரும் கான் எதற்கு? எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

என் மாலை ஆங்கில வகுப்புக்குச் செவிலியர் சிலர் வருகிறார்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். அவர்களில் ஒரு தங்கை நோட்டில் ‘இன்ஜெக்‌ஷன் கேவ்’ என்று எழுதியிருந்தார். கேவ் என்றால் ஊசியே எதையோ கொடுத்தது என்றாகிவிடும். ஊசி கொடுக்கப்பட்டது அல்லவா? அங்கே மூன்றாவது வடிவமான ‘கிவன்’ வர வேண்டும்.

இப்போது கவனியுங்கள். ‘வாஸ் கிவன்’ என்றால் ஊசி போட்டாயிற்று. ‘வில் பி கிவன்’ என்றால் இனிமேல்தான் போட வேண்டும். இரண்டிலும் கிவன் மாறவே இல்லை. காலம் முழுக்க அதற்கு முன்னால் நிற்கும் துணைவினையில் இருக்கிறது. தமிழிலும் இதே கணக்குத்தான். போடப்பட்டது, போடப்படுகிறது, போடப்படும் என்கிறோம். ‘போட’ அப்படியே நிற்க, ‘படு’ மட்டும் காலத்துக்கேற்ப மாறுகிறது. இதைச் சொன்னதும் அந்தத் தங்கை தாமாகவே மூன்று காலத்துக்கும் ஆங்கில வாக்கியம் எழுதிக் காட்டினார். துணைவினை மாறிப்போனால், போட்ட ஊசியை மறுபடி போட்டுவிடக்கூடும். இலக்கணம் இவ்வளவு பெரிய காரியம் செய்கிறது!

இன்னொன்று. ‘வாஸ் ஹாப்பன்ட்’ என்று சொல்லாதீர்கள். ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். எதைப் போட்டார்? ஊசியை. பதில் வருகிறது, அதனால் ‘போடப்பட்டது’ என்ற செயப்பாட்டு வினை வரும். எதை நடந்தது? கேள்வியே நிற்கவில்லை. ஆகவே வெறும் ‘ஹாப்பன்ட்’ போதும்.

கோவைப் போல எல்லா வினைக்கும் மூன்று தனித்தனி வடிவங்கள் இருக்காது. வாக், பிளே போன்ற வினைகளில் இரண்டாம் மூன்றாம் வடிவங்கள் ஒன்றே.

நாளை ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரே ஒரு பத்தியை எடுத்துத் துணைவினைகளுக்கு அடிக்கோடு போடுங்கள். துணைவினை வரும் வாக்கியங்களில் காலம் அங்கேதான் இருக்கும். அது பிடிபட்டுவிட்டால் ஆங்கிலத்தில் எழுதும் பயம் பாதி குறையும் என்று மனதார நம்புகிறேன்.