கொடுத்து வைத்த மகன்



ராக் பாட்டு என்றால் வெறும் கூச்சல் என்று வானொலியை மூடிவிடுவோர் நம்மில் பலர். இன்று ஒரு பாட்டை மட்டும் பொறுமையாக எடுத்துப் பார்ப்போம்.

1969-இல் அமெரிக்காவின் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' குழுவினர் பாடிய பாட்டு அது. 'பார்ச்சுனேட் சன்' என்று பெயர். கொடுத்து வைத்த மகன் என்று நாம் சொல்லலாம்.

அப்போது வியட்நாமில் போர். அமெரிக்க வாலிபர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். ஆனால் கல்லூரியில் படிப்பவனுக்குத் தவணை உண்டு. கல்லூரிக்கோ பணம் வேண்டும். தோட்டத்துப் பெற்றோருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

பாட்டை எழுதிய ஜான் ஃபோகர்ட்டிக்கும் 1966-இல் அழைப்பு வந்தது. சேமப் படையில் சேர்ந்தார். 1968 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகியிருந்த நிக்சனின் மகளை முன்னாள் அதிபர் ஐசனோவரின் பேரன் மணந்தார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் போர்முனைக்குப் போவார்களா என்ற எண்ணமே பாட்டுக்கு வித்து என்று ஃபோகர்ட்டி சொல்லியிருக்கிறார். அந்தப் பேரன் பின்னாளில் கடற்படையில் பணியாற்றினார். அதையும் சொல்வதே நியாயம். பாட்டு சாடுவது தனி ஒருவரை அல்ல. போரைத் தீர்மானிப்பவன் ஒருவன், அதற்குப் பிள்ளையைக் கொடுப்பவன் வேறொருவன் என்ற ஏற்பாட்டைத்தான்.

கட்டாயச் சேர்ப்பு 1973-இல் நின்றது. அதற்குள் மாண்ட அமெரிக்கர்கள் 58,000-க்கு மேல். வியட்நாமியர் பல இலட்சம்.

பிற்காலத்தில் ஒரு கால்சட்டை விளம்பரத்துக்கு இந்தப் பாட்டின் தொடக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கேட்டவர்களுக்கு அது தேசபக்திப் பாட்டாக ஒலித்தது!