நாற்காலியில் உட்கார்ந்தவர் மறுபடி வர

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என்னோடு வேதியியல் லேபில் அழுகிய முட்டை நாற்றத்தை மூன்று வருடம் சேர்ந்து முகர்ந்த நண்பர்களே,

"வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி" என்று பேசச் சொல்லிச் செயலாளர் கடிதம் போட்டிருந்தார். வங்கியிலும் இன்ஷூரன்சிலும் இருக்கிற நண்பர்கள் இதைப் புள்ளிவிவரத்தோடு பேசுவார்கள். நான் சலூன் வைத்திருக்கிறவன். கடை போர்டில் 'ஹேர் ஸ்டுடியோ' என்று என் மகன் எழுதி வைத்திருக்கிறான், அது அவன் இஷ்டம். நான் சலூன் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. குட்டையாக வெட்டிய ஆண்கள் கிராப் நாலைந்து வாரத்தில் உருக்குலையும். ஆக ஒருவர் வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது வருவார். இருபது வருஷம் நம்மிடமே வந்தால் இருநூறு தடவை. இதில் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வரமாட்டார்கள். மனைவி உண்டாகியிருந்தால் சில வீடுகளில் முடி வெட்ட விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை நாங்களே கடையைப் பூட்டிவிடுவோம். இதெல்லாம் போகத்தான் அந்த இருநூறு. இப்படி நூறு பேர் இருந்தால் ஒரு குடும்பம் மரியாதையாகப் பிழைக்கலாம்.

சரி, அவர் ஏன் மறுபடி வரணும்? புது ஆள் வந்து உட்கார்ந்ததும் பல பேர் செய்வது, தண்ணீரை அடித்துவிட்டு "எப்படி சார் வெட்டணும்?" என்று கேட்பது. அவருக்கு என்ன தெரியும்? "மீடியம்" என்பார். ஒருத்தர் மீடியம் இன்னொருத்தருக்கு மொட்டை! நான் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, முடி காய்ந்திருக்கும்போதே கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்து, "போன தடவை வெட்டினதுல எது சார் பிடிக்கல?" என்று கேள். இந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். "காதுகிட்ட ஏத்திட்டான்", "பின்னாடி முடி நட்டுக்குது" என்பார்கள். அந்த நட்டுக்கிற முடிக்குக் காரணம் பெரும்பாலும் சுழி. பலருக்கு வலஞ்சுழி, சிலருக்கு இடஞ்சுழி, சிலருக்கு இரட்டைச் சுழி. சுழி இருக்கிற இடத்தில் ரொம்பக் குட்டையாக வெட்டினால் நட்டுக்கத்தான் செய்யும். கொஞ்சம் நீளம் விட்டு, அது போகிற திசையிலேயே படிய விடணும். சுருட்டை முடி நனைந்திருக்கும்போது நீளமாகத் தெரியும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். அதனால் அங்கே கத்திரியைச் சிக்கனமாகப் போடணும்.

இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பேர், சுழி, மெஷின் நம்பர், டை போட்டால் என்ன கலர், தேதி. அடுத்த மாதம் வந்து உட்கார்ந்ததும், "வலது பக்கம் கொஞ்சம் விட்டுத்தானே சார்?" என்றால் மனுஷன் முகத்தைப் பார்க்கணும். இன்னொரு விஷயம், ஷேவிங்குக்குப் புது பிளேடை அவர் கண் முன்னாலேயே பிரித்து உடைத்துப் போடணும். 1990-களில் எய்ட்ஸ் பிரச்சாரம் வந்த பிறகு ஜனங்கள் இதைக் கேட்டு வாங்கப் பழகினார்கள், நல்லதுதான்.

டை விஷயத்தில்தான் நம் கல்லூரிப் படிப்பு உதவியது. கருப்பு டை பெரும்பாலானவற்றில் பாரா-பெனிலீன்டையமின் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. தலை அரித்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகிற அளவுக்கும் ஆகும். பத்து வருஷம் போட்டு ஒன்றும் ஆகாதவருக்குப் பதினோராவது வருஷம் வரலாம். சுத்தமான மருதாணி செம்பட்டைதான் தரும். 'ஹென்னா' என்று பாக்கெட்டில் எழுதி, முடியைக் கன்னங்கரேல் என்று ஆக்கினால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதனால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். மறுநாள் கல்யாணம் என்று ஓடி வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். ஒரு பெரியவருக்குக் காதுக்குப் பின்னால் சிவந்துவிட்டது. "உங்களுக்கு இது வேண்டாம் சார், நரையோட இருங்க" என்று அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு வரும்படி இல்லை. அவர் வீட்டு ஆண்பிள்ளைகள் மொத்தப் பேரும் இப்போது என் கடையில்தான்.

இனி சொல்வது என் அப்பாவைப் பற்றி. எங்கள் குலத்தொழில் இது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஹாஸ்டலில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கிராமத்தில் என் தாத்தாவுக்கு 'வாடிக்கை' என்றால் அறுவடைக் களத்தில் கொடுக்கிற நெல். கூப்பிட்ட வீட்டுக்கு, கூப்பிட்ட நேரத்துக்குப் போகணும், கொல்லையில் நின்று வெட்டணும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்பா அதை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு நாற்காலி போட்டார். நாற்காலி போட்டால் வருகிறவர் உட்காரணும், வெட்டுகிறவர் நிற்கணும், காசு கைக்குக் கை. அப்பாவுக்கு அதுவே பெரிய விடுதலை.

1977-ல், நான் இங்கே சேர்ந்த வருஷம், காலனியிலிருந்து ஒரு இளைஞர் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த பழைய வாடிக்கைக்காரர் பாதி ஷேவிங்கில் எழுந்து, "அவனுக்குப் போட்ட துணிய எனக்குப் போடுவியா?" என்று கேட்டார். அப்பா, "துவைச்ச துணிதான் சாமி. இருந்தா மிச்சத்த முடிச்சு விடுறேன்" என்றார். அவர் சோப்பு நுரையோடு போய்விட்டார். அந்த வாரமே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுபோனார்கள். 1955-ஆம் வருஷத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில், 'கடை' என்றால் என்ன என்று விளக்குகிற இடத்திலேயே முடிதிருத்தும் நிலையத்தைப் பேர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தச் சட்டம் எதுவும் தெரியாது. என் கல்லூரி ஃபீஸ் அந்த மாதம் கடன் வாங்கித்தான் கட்டினார். போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள், மற்றவர்கள் வரவே இல்லை. அந்த இளைஞர் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகிவிட்டார். இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார், வரும்போதெல்லாம் ரேட்டைக் கூட்டிவிட்டேன் என்று சண்டையும் போடுகிறார்.

வாடிக்கையாளரைத் தக்கவைப்பது பற்றி யாராவது பேசினால், எந்த வாடிக்கையாளரை என்று எனக்கு உடனே கேட்கத் தோன்றும்.

பேச்சைப் பற்றியும் ஒன்று. ஒரு காலத்தில் திராவிட இயக்கப் பத்திரிகைகளைச் சத்தம் போட்டுப் படித்த இடம் சலூன். இப்போது தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் கடையிலேயே நூலகம் வைத்திருக்கிறார். 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் அவரோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசினாரே, அவர்தான். நம் கடையில் அவ்வளவு இல்லை, நாலு பேப்பர் உண்டு. ஆனால் ஒரு நாற்காலியில் கேட்டது அடுத்த நாற்காலிக்குப் போகக்கூடாது. யார் வீட்டில் வரன் தட்டிப்போச்சு, யாருக்குக் கடன் என்று எல்லாம் எங்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கடை காலி.

வேலைக்காரப் பையன் தனிக்கடை போட்டால் ஆட்கள் அவன் பின்னால் போவார்கள். வாடிக்கை கைக்குத்தான், போர்டுக்கு இல்லை. அதைத் தடுக்க முடியாது. நல்ல கூலி கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

2020 மார்ச் ஊரடங்கில் கடையைப் பூட்டியபோது மாதக்கணக்கில் வருமானம் இல்லை. அப்போது ஏழெட்டுப் பேர், "அடுத்த ஆறு மாசக் கட்டிங்குக்கு அட்வான்ஸ்" என்று பணம் அனுப்பினார்கள். அந்த நோட்டில் தனிப்பக்கம் போட்டு எழுதி, ஒவ்வொன்றாக வெட்டிக் கழித்தேன். இரண்டு பேர் மட்டும் மிச்சத்தைக் கழிக்க விடாமல் ஒவ்வொரு தடவையும் கையில் காசைத் திணித்துவிட்டுப் போகிறார்கள், அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள். நம் செட்டில் டை போடுகிற நண்பர்கள் நிறையப் பேர் தெரிகிறார்கள், டெஸ்ட் பண்ணிக்கொண்டீர்களா என்று தனியாக வந்து கேட்கிறேன்.