பத்து மணிக்குப் பிறகு ஒரு புல்லாங்குழல்

திருவண்ணாமலையில், கிரிவலப் பாதை பக்கத்துல ஒரு பையன். வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுற வேலை. ராத்திரி மடிக்கணினியை மூடினதும் புல்லாங்குழலை எடுத்துக்கிட்டு மொட்டைமாடிக்குப் போயிடுவான்.

பகலெல்லாம் விசைப்பலகையைத் தட்டின அதே விரல்கள்தான். அங்கே ஒரு செமிகோலன் விட்டுப்போனா நிரலே ஓடாது. இங்கே ஒரு துளை சரியா மூடலைன்னா வெறும் காத்துதான் வரும். ஆனா குழல் கோவிச்சுக்காது. மறுபடி ஊதினா போதும். நீளமா ஊத ஊத மூச்சு நிதானமாகும், மனசும் கூடவே அடங்கும்.

பெரியவங்களும் இப்படித்தான். ராக்கெட் வேலைக்கு நடுவுல அப்துல் கலாம் வீணை வாசிச்சார். நிரல் எழுதுறதை ஒரு கலைன்னு சொல்லி, 1962-லேயே அதுக்குப் பெரிய நூல் எழுத ஆரம்பிச்ச டொனால்ட் க்னூத், வீட்டுக்குள்ளேயே குழாய் ஆர்கன் வச்சு வாசிச்சவர்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டாங்க:

“என்னப்பா, நேத்து கம்ப்யூட்டர்ல தப்பு நிறையவோ?”

“எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்க?”

“பன்னெண்டு மணி வரைக்கும் குழல் நிக்கலையே! உன் வேலை நல்லா நடந்தாத்தான் எனக்குத் தூக்கம்!”