பால் கறக்கிற மாடா, தாக்குப் பிடிக்கிற மாடா?

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற பெண் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போதே ஒரு தங்கச்சி கேட்டாங்க, "மெட்ராஸ்ல மாட்டைப் பத்தி எதுக்கும்மா பேச்சு?"ன்னு. நியாயமான கேள்விதான். தெருவில் நின்ற மாட்டை மாநகராட்சி பிடித்துக்கொண்டு போகிற ஊர் இது. ஆனால் உங்கள் கடன் பதிவேட்டைப் பார்த்தேன். இங்கே குழுவில் கடன் வாங்கி, திண்டிவனம், செய்யூர், உத்திரமேரூர்ப் பக்கம் இருக்கிற அம்மாவுக்கோ மாமியாருக்கோ மாடு வாங்கிக் கொடுத்தவங்க நிறைய பேர் இருக்கீங்க. மாடு அங்கே நிக்குது, தவணை இங்கே ஓடுது. மாடு செத்தாலும் தவணை சாகாது. அதனால் எந்த மாடு, எந்தக் கன்று என்பது உங்கள் விஷயமும்தான்.

மாடு வாங்கப் போனால் தரகர் முதலில் சொல்றது என்ன? "வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கும்மா." நாமும் அதை மட்டும்தான் கேட்கிறோம். எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கன்று போடும், சித்திரை வெயிலில் தீவனம் தின்னுமா, கோமாரி வந்தப்போ எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு கணக்கு சொல்றேன், மனசிலேயே போட்டுப் பாருங்க. ஒரு மாடு ஈத்துக்குப் பத்து மாசம், சராசரியாக நாளைக்கு 10 லிட்டர் கறக்குது. ஈத்துக்கு 3000 லிட்டர். ஆனால் ஊசி சீக்கிரம் நிக்காமல் 20 மாசத்துக்கு ஒரு தடவைதான் கன்று போடுது. இன்னொரு மாடு நாளைக்கு 7 லிட்டர்தான், ஈத்துக்கு 2100 லிட்டர். ஆனால் 15 மாசத்துக்கு ஒரு கன்று. ஐந்து வருஷத்தில் முதல் மாடு மூன்று ஈத்து, 9000 லிட்டர். இரண்டாவது நான்கு ஈத்து, 8400 லிட்டர். வித்தியாசம் 600 லிட்டர். ஆனால் முதல் மாடு 30 மாசம் பால் இல்லாமல் தின்னுது, இரண்டாவது 20 மாசம். அந்தப் பத்து மாசத் தீவனக் காசை எழுதிப் பாருங்க. கன்றும் ஒண்ணு கூட. மருந்துச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஊசி ஏன் நிக்கலை? ஜெர்சிங்கிறது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் இருக்கிற ஒரு சின்னத் தீவு. அந்தக் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் மாடு நெதர்லாந்துப் பக்கத்து மாடு. இரண்டும் குளிர் தேசத்தில் வளர்ந்தவை. நிறையப் பால் கறக்கிற மாடு நிறையத் தின்னும், உடம்புக்குள்ளே நிறையச் சூடு உண்டாகும். நம்ம ஊரில் வெயில் மட்டுமில்லை, கூடவே கடல்காற்றுப் புழுக்கம். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் மாடு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். தீவனம் குறையும், பால் இறங்கும், பருவத்துக்கு வந்ததே வெளியில் தெரியாது, வந்தாலும் கரு தங்காது. நம்ம நாட்டு மாட்டுக்குத் தோல் தொளதொளவென்று இருக்கும், முடி குட்டை, வியர்வை நல்லா வரும். குறைச்சலாகத் தின்னு காலம் தள்ளும்.

"அப்போ நாட்டு மாடே வாங்கிடலாமா டாக்டரம்மா?" என்றால், அவசரப்படாதீங்க. 2017 தைப் பொங்கல் சமயத்தில் மெரினாவில் பிள்ளைகள் கூடினாங்களே, அதற்குப் பிறகு நாட்டு மாடு மேல் எல்லாருக்கும் பாசம் வந்துடுச்சு. நல்லதுதான். ஆனால் காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாம் ஏருக்கும் வண்டிக்கும் என்று நம்ம பாட்டன்கள் பொறுக்கி வளர்த்த இனங்கள். காங்கேயம் பசு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தாலே பெரிசு. அந்தப் பாலை விற்று மாசத் தவணை கட்ட முடியாது. பாசத்துக்கு வளர்க்கலாம், கடனுக்கு வளர்க்கக் கூடாது. இது என் அபிப்பிராயம். கோபப்படுறவங்க பிறகு வந்து சண்டை போடுங்க.

நடுவழி ஒண்ணு இருக்கு. முதல் கலப்பு எப்போதும் நல்லா வரும். அம்மா நாட்டு மாடு, அப்பா ஜெர்சி என்றால் கன்று பாதி ஜெர்சி. பாலும் கறக்கும், வெயிலும் தாங்கும். தப்பு அடுத்த தலைமுறையில் நடக்குது. பாதி ஜெர்சிக்கு மறுபடி முழு ஜெர்சி ஊசி போட்டால் கன்று முக்கால் ஜெர்சி. அந்தக் கிடேரிக்கும் அதே ஊசி என்றால் எட்டில் ஏழு பங்கு. பால் ஏறும் என்று நினைச்சுப் போடுறோம், ஏறுவது வைத்தியச் செலவு. கலப்பினப் பசுவுக்குக் கலப்பினக் காளையின் ஊசியைக் கேளுங்க. அப்போது பங்கு ஏறக்குறைய பாதியிலேயே நிற்கும்.

பிரேசில்காரங்க இதை நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. குஜராத்தின் கிர் மாட்டை வாங்கிப் போய் ஹோல்ஸ்டீனோடு சேர்த்து, எட்டில் ஐந்து பங்கு ஹோல்ஸ்டீன், மூன்று பங்கு கிர் என்று அளவு வைத்து கிரோலாண்டோ என்று ஒரு இனத்தையே உண்டாக்கிட்டாங்க. அவங்க நாட்டுப் பாலில் பெரும்பகுதி அதுதான் கொடுக்குது. இன்னொரு சேதி, அங்கே மேய்ச்சலில் நிற்கிற 'நெலோர்' மாடு, அப்போது நம்ம சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் மாடுதான். பெயரைக்கூட மாத்தலை.

பக்கத்து மாநிலத்தில் ஒரு அம்மா செய்ததையும் சொல்லணும். கேரளாவில் 1961-ல் ஒரு சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் நாட்டுக் காளையை வைத்துக்கொள்ளக் கூடாது, விதை அடிச்சுடணும். கலப்பினத்தைப் பெருக்கணும் என்பது நோக்கம். வைக்கம் பக்கத்து வெச்சூர் பசு, மூன்றடி உயரம்கூட சரியாக இருக்காது, அது கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சோசம்மா ஐப், 1989-ல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தேடினாங்க. கிடைத்த சில மாடுகளை வைத்து இனத்தை மீட்டாங்க. கேலியும் புகாரும் நிறையக் கேட்டாங்க. 2022-ல் அவங்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. எதுக்கு அந்தக் குள்ள மாடு என்று கேட்கலாம். கொஞ்சம் தின்னு, நோய் நொடி தாங்கி, வீட்டுக்குப் பால் தருமே! ஒரு தடவை அழிஞ்சு போனால் அந்தக் குணத்தை எந்தக் கடையில் வாங்குறது?

ஆடு வளர்க்கிறவங்களுக்குச் சுருக்கமாக. நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துக்கே உரிய செம்மறி, சென்னைச் சிவப்பு. இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகினது. அதை விட்டுட்டு விளம்பரம் பார்த்து வேற ஊர் ஆட்டை வாங்காதீங்க. மந்தையில் பிறந்த கிடாவையே மந்தைக்கு வைக்காதீங்க. அண்ணன் தங்கச்சி சேர்ந்தால் குட்டி நோஞ்சானாகத்தான் பிறக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊர்க் குழுவோடு கிடாவை மாத்திக்கோங்க. காசே ஆகாது.

இதற்கெல்லாம் முதலில் வேணும் ஒரு நோட்டு. ஊசி போட வருகிறவரிடம் காளை என்ன இனம், அதன் எண் என்ன என்று கேளுங்க. உறைவிந்துக் குச்சியின் மேலேயே அச்சடிச்சிருக்கும். கூச்சப்படாதீங்க, சிரிக்கவும் சிரிக்காதீங்க! தேதி, எண், மாடு பருவத்துக்கு வந்த நேரம், எல்லாம் எழுதுங்க. காலையில் மாடு கத்தி, கண்ணாடி மாதிரி திரவம் ஒழுகினால் சாயங்காலம் ஊசி. சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. 21 நாள் கழித்துத் திரும்பப் பாருங்க. பிறந்த கிடேரி பெரிசானதும், அதன் அப்பா எண்ணை நோட்டில் பார்த்து, அதே காளை ஊசியை வேண்டாம் என்று சொல்லுங்க. ஊரில் அம்மாவுக்கு எழுத வராது என்றால் போனில் கேட்டு நீங்க இங்கே எழுதி வைங்க. வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதுகிற கைதானே?

கூட்டமைப்பிடம் எனக்கு ஒரு கோரிக்கை. மாட்டுக் கடன் விண்ணப்பத்தில் "எத்தனை லிட்டர்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. அதோடு எத்தனையாவது ஈத்து, போன ஈத்துக்கும் இதற்கும் எத்தனை மாசம், காப்பீடு உண்டா, என்ன கலப்பு என்று நாலு கட்டம் சேருங்க. காப்பீட்டுக் காதுவில்லை இல்லாத மாட்டுக்குப் பணம் கொடுக்காதீங்க. போன வருஷம் கடன் நின்றுபோன இரண்டு குழுவிலும் மாடு செத்ததுதான் காரணம் என்று பொருளாளர் சொன்னாங்க. இரண்டு மாட்டுக்கும் காப்பீடு இல்லை.

காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பொத்தேரியில் இறங்கினால் பக்கம்தான். சென்னைச் சிவப்பு ஆட்டை அங்கே நேரில் பார்க்கலாம், பயிற்சியும் கொடுக்கிறாங்க. வர விருப்பமுள்ளவங்க சாப்பாட்டுக்குப் போகும் முன்னாடி செயலாளர் அக்காவிடம் பேர் கொடுத்துட்டுப் போங்க. ஊரில் மாடு வைத்திருக்கிற அம்மாவையும் கூட்டிட்டு வரலாம்.