சூடு தெரிந்தால் சுவை தெரியும்



கோலாலம்பூரில் இரவு அரைத்து வைத்த தோசை மாவு, விடிவதற்குள் பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி நிற்கும். அதே மாவைக் கேமரன் மலையில், தானா ராத்தாவில் வைத்துப் பாருங்கள். காலையில் வைத்தது வைத்தபடியே இருக்கும்! இரவில் அங்கே வெப்பம் 15 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் குளிர் ஆகாது. அதனால்தான் மலையில் குடியிருக்கும் தாய்மார்கள் மாவுப் பானையை அடுப்போரம் நகர்த்தி வைக்கிறார்கள்.

அந்த மலையின் தேயிலைக்கும் இப்படி ஒரு வெப்பக் கணக்கு உண்டு. 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் தொடங்கியது 'போ' தேயிலைத் தோட்டம். அந்த மலைச்சரிவில் வியர்வை சிந்தியவர்களில் நம் தமிழர்கள் ஏராளம். பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். பிறகு உருளை இயந்திரத்தில் கசக்குகிறார்கள். இலையின் சாறு வெளிப்பட்டுக் காற்று பட்டதும், பச்சை நிறம் மெல்ல மெல்லச் செம்பு நிறமாக மாறுகிறது. இதைத்தான் 'புளிக்க வைத்தல்' என்கிறார்கள்.

உண்மையில் இங்கே எதுவும் புளிப்பதில்லை. இலையில் இயல்பாகவே இருக்கும் நொதி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து செய்யும் வேலை இது. 24 முதல் 27 பாகை வரை அதற்கு ஏற்ற சூடு. 30-ஐத் தாண்டினால் நிறம் சீக்கிரம் ஏறும். ஆனால் மணமும் சுறுசுறுப்பும் போய், தேநீர் சப்பென்றாகிவிடும். மிகவும் குளிர்ந்தால் வேலை மந்தமாகி, பச்சை வாடை தங்கிவிடும்.

மேலை நாடுகளில் 'பேல் ஏல்' என்ற பியரை வீட்டிலேயே தயாரிப்பவர்களுக்கும் இதே கவலைதான். 18 முதல் 20 பாகைக்குள் வைத்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும். சூடு மிஞ்சினால் தொண்டையைக் காந்தும் சாராய நெடி வந்துவிடும். நொதிக்கும்போது பானமே சூட்டைக் கிளப்புவதால், அறையின் வெப்பத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். தேயிலையிலும் அப்படித்தான். அறை குளிர்ந்திருந்தாலும் குவியலுக்குள் சூடு ஏறும். ஆகவேதான் இலையை மெல்லிய அடுக்காகப் பரப்புகிறார்கள். காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பக்குவம் வந்ததும் உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் நொதியை அடக்கிவிடுகிறார்கள்.

ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கும் மேல் கொழுந்து வேண்டும். மழையிலும் பனியிலும் சரிவில் நின்று பறித்த உழைப்பு அது. அந்தச் சில மணி நேரத்தில் கவனம் தவறினால் உழைப்பு முழுவதும் வீண். மிஞ்சிப் போன பக்குவத்தை எந்த இயந்திரத்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் வேலை முடியும், சுவை முடியாது. நாளைக் காலை தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது, அந்தச் செம்பு நிறத்தைக் காத்துக் கொடுத்த கைகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.