பறவைக்கும் கமராவுக்கும் இடையிலுள்ள தூரம்

(நூற்றாண்டு விழாப் பறவைப் படக் கண்காட்சியில் ஆற்றிய உரை)



மண்டபத்தில் தொங்கும் படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வில்பத்துவிலோ குமணவிலோ எடுத்தவையோ?" என்று பலர் கேட்டீர்கள். இல்லை. இவற்றுள் பெரும்பாலானவை விடியற்புறம் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிய பயணங்களில் எடுத்தவை. அராலி, மண்டைதீவு, நாவற்குழி, தொண்டைமானாறு என்று எல்லாம் எங்கள் காலடியிலேயே கிடக்கின்றன. இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் சுண்டிக்குளம். ஒரு முழுநாள் கிடைத்தால் மன்னார், வங்காலை. சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாகியது. வங்காலை 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

பூநாரையின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். பக்கத்தில் மின்கம்பியில் இருக்கும் இரட்டைவால் குருவியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை! உடல் முழுவதும் கறுத்த இந்த இனம் இலங்கையில் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலுமே வாழ்கிறது. கண்டியில் காண்பது வயிற்றிலோ வாலடியிலோ வெள்ளை படிந்த வேறோர் இனம். வேலியோரம் கத்தும் கௌதாரியும் அப்படித்தான், எங்கள் வறண்ட நிலத்துக்கே உரியது. தெற்கிலிருந்து பறவை பார்ப்போர் இவற்றுக்காகவே மன்னார் வரைக்கும் வருகிறார்கள். நாங்களோ பள்ளிக்கூடம் போகும் வழியில் பத்து வருடம் இவற்றுக்குக் கீழால் நடந்திருக்கிறோம்.

கமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலைகூடிய லென்ஸ் எங்களில் இருவரிடம் மட்டுமே உண்டு. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். நின்று எடுப்பதைவிடக் குந்தியிருந்து, பறவையின் கண்மட்டத்தில் எடுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு களப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கும், படம் தெளியாது. வாகனத்துக்குள் இருந்தபடியே எடுப்பது பல நேரம் நல்லது. பறவைகள் வாகனத்துக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை, எங்கள் சேலைக்கும் சிரிப்புக்கும்தான் பயம்.

இனி, தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடித்துத்தான் இரை தேடும். நாள் முழுவதும் வடித்தால்தான் வயிறு நிறையும். அந்தப் பாரமான உடம்பு தண்ணீரில் ஓடி ஓடித்தான் மேலெழும்பும். மேலெழும்பும்போது செம்மையும் கருமையுமாக விரியும் சிறகு கண்ணைப் பறிக்கும் என்பது உண்மைதான். அந்த ஒரு படத்துக்காகக் கைதட்டுகிறார்கள், கல் எறிகிறார்கள், ட்ரோன் பறக்கவிடுகிறார்கள். ஒரு நாளில் நாலு கூட்டம் இப்படி வந்துபோனால் அந்தப் பறவை எப்போது சாப்பிடுவது? கவிழ்ந்திருந்த தலைகள் நிமிர்ந்தால் நின்றுவிடுங்கள். எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நாங்கள் ஏற்கெனவே கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம், பின்னால் வரவேண்டும்.

ஆட்காட்டியின் காரியம் இதைவிடக் கடினம். அது வெறும் தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடும். வெயில் ஏறினால், வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையின்மேல் இருந்து குளிரவைக்கும். நாங்கள் முட்டையைப் படமெடுக்கப் பக்கத்தில் நிற்கும் நேரமெல்லாம் தாய் தலைக்குமேல் கத்திக்கொண்டே பறக்கும், முட்டை வெயிலில் கிடந்து வேகும். காகமும் நாயும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவேதான் இந்தக் கண்காட்சிக்கு வந்த கூட்டுப் படங்களையும், கலைத்துப் பறக்கவிட்டு எடுத்த படங்களையும் சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்று இங்கே தொங்கும் எல்லாவற்றிலும் அழகானது. அதை அனுப்பிய தங்கைக்குக் கோபம்; எங்களுக்குள்ளும் இரண்டு கூட்டம் வாதாடினோம். "எடுத்தது எடுத்தாயிற்று, தொங்கவிட்டால் என்ன?" என்றார்கள் சிலர். தொங்கவிட்டால் நாளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதே மாதிரி ஒன்று எடுக்கப் போவார்கள் என்பதே எங்கள் பதில். அந்தத் தங்கை இன்னும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் போன மாதம் எங்களோடு மன்னாருக்கு வந்தா.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் வலசைப் பறவைகளில் அதிகம் காணக் கிடையாது. புலுனியும் செண்பகமும் மீன்கொத்தியும் எப்போதும் உண்டு. மார்கழி, தை விடுமுறையில் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள். வாகனம் பள்ளி வாசலில் இருந்து காலை ஐந்து மணிக்குப் புறப்படும். தொப்பி, தண்ணீர்ப் போத்தல், மங்கலான நிறத்தில் உடுப்பு. இடியப்பமும் சம்பலும் நாங்கள் கொண்டுவருவோம்.