ஊண் மறுத்தலும் ஊறே



இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்தினைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் எண்ணிக் கூறுகிறது. கட்டி வருத்துதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவ்வைந்தும் மாட்டுத் தொழுவத்தை நினைவூட்டுவன அல்லவா? திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரத்துத் தமிழ்ச் சமணர் வழிவழியாக உழவர். உழவைக் கற்பித்த ஆதிநாதரின் இலாஞ்சனமும் எருதே. ஆதலால் இவ்வறிவுரை நம் இல்லங்களுக்கு மிகவும் அணுக்கமானது.

முதல் நான்கு குற்றங்களும் கண்ணுக்குப் புலப்படும். தழும்பே சான்று பகரும். ஐந்தாவது ஓசையின்றி நிகழ்வது. கறவை நின்ற பசுவுக்கு ஒரு பிடி வைக்கோலைக் குறைப்பவர் அதனைச் சிக்கனம் என்றே கருதுவார். கொடுமை என்று கருதார். ஆயினும் அடித்தலையும் ஊண் மறுத்தலையும் ஆன்றோர் ஒரே வரிசையில் வைத்தனர்.

சினைப்பசு கன்று ஈனுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் பால் கறப்பதை நிறுத்துவது முறை. வயிற்றுக் கன்று விரைந்து வளர்வதும் அக்காலத்திலேதான். பால் இல்லையென்று தீனியைக் குறைத்தால் வாடுபவை இரண்டு உயிர்கள்.

வைக்கோல் மட்டும் இட்டால் கடமை முடிந்துவிடாது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே. அது வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. பசும்புல்லும் அகத்தித் தழையும் தவிடும் பிண்ணாக்கும் உடன் சேரவேண்டும். உலர்தீனி தின்னும் மாட்டிற்கு நீரும் மிகுதியாக வேண்டும். உணவோடு நீரையும் சேர்த்துச் சொன்ன நுட்பம் இங்கே விளங்கும்.

இக்காலத்தில் இயந்திரம் அறுத்த வைக்கோல் கட்டுகளாகச் சுருட்டப்பட்டு, வயலிலிருந்தே விலையாகிப் போகிறது. தட்டுப்பாட்டில் விலை ஏற, இடுகின்ற கை சுருங்குகிறது. எனவே தேவையானதை அறுவடைக் காலத்திலேயே நன்கு உலர்த்திச் சேமித்தல் நலம். போரின் அடியில் கற்களைப் பரப்பி உயர்த்தினால் ஈரம் ஏறாது. பூஞ்சணம் பிடித்து மாட்டிற்கு நோய் தராது. புழுபூச்சிகள் மிகுதியாகக் குடிபுகுந்து, வைக்கோலை உதறும்போது மடிவதும் குறையும்.

மாடு இல்லாத நகரத்து அன்பர்களுக்கும் இதில் பங்குண்டு. விழா நாளில் பசுவுக்கு வாழைப்பழம் ஊட்டுவது நன்று. புல் கருகும் சித்திரையிலும் வைகாசியிலும் ஒரு கோசாலைக்கு வைக்கோல் வாங்கித் தருவது அதனினும் நன்று.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நோன்புடையவர் நாம். அவ்வுணவுக்கு அமருமுன் தொழுவத்தை ஒருமுறை எட்டிப் பார்ப்பது அரிதன்று. அங்கே காடியில் தீனியும் தொட்டியில் நீரும் இருக்குமானால், அன்றைய விரதம் மாசின்றி நிறைவுறும்.